கூப்பிட்டால் திரும்ப வேண்டும்

வேலூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஓபி ஹாலில் 29 வருஷம் மைக் பிடித்து நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டவள் நான். போன இதழில் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைக் கேட்டன: பழக்கமில்லாத பெயரைச் சரியாகச் சொல்வது எப்படி? அதனால் இந்த மாதப் பகுதி முழுவதும் பெயர்களுக்கே. நான் மொழியியல் படித்தவள் இல்லை. இங்கே சொல்வதெல்லாம் கவுன்ட்டரில் நின்று காதால் கற்றது. சந்தேகம் வந்த இடத்தில் அந்தந்த மொழிக்காரர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கேள்வி (திருப்பூர், அரசுப் பள்ளி ஆசிரியை): என் வகுப்பில் 34 பேர். அதில் 11 பேர் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசா, மேற்கு வங்கம், அசாமிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். வருகைப் பதிவு எடுக்கும்போது அவர்கள் பெயரை நான் வாசித்தால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

டீச்சர், 1993இல் ஒரு நாள் காலை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. காட்பாடி ஸ்டேஷனில் ஹவுரா வண்டி வந்து நின்ற மறுநாள் எங்கள் ஹாலில் நிற்க இடமிருக்காது. அன்றும் அப்படித்தான். கட்டாக அடுக்கிய சீட்டுகளில் எனக்கு வாயில் நுழையாத பெயர்கள் நிறைய. நடுவில் ஒரு சீட்டில் ‘லக்ஷ்மி’ என்று இருந்தது. அப்பாடா, நம்ம ஊர்ப் பெயர் என்று நிம்மதியாக, நல்ல உரக்க, மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. வழக்கப்படி சீட்டை அடியில் செருகிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். திரும்ப அந்தச் சீட்டு மேலே வந்தபோதும் கூப்பிட்டேன். ஆள் வரவில்லை.

மதியம் ஒரு மணிக்கு ஹால் காலியானது. தூணை ஒட்டிய பெஞ்சில் ஒரு பாட்டி மட்டும் உட்கார்ந்திருந்தார். மடியில் எக்ஸ்ரே கவர். கூட வந்த மகன் காந்தி ரோட்டு லாட்ஜில் காய்ச்சலோடு படுத்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எழுந்து போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று காலை ஏழு மணியிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய்ச் சைகையால் பெயர் கேட்டேன். நெஞ்சில் கை வைத்து, “லொக்கி” என்றார்.

வங்காளத்தில் எழுதுவது லக்ஷ்மி, சொல்வது லொக்கி. அங்கே அ பெரும்பாலும் ஒ ஆகிவிடும். க்ஷ என்பது க்க ஆகும். அதோடு ஒட்டிய ம காணாமல் போகும். இதை அன்று சாயங்காலம் ஒரு வங்காள நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாட்டியின் பெயரை அன்று காலை முழுக்க நான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் பெயரைப் போலவே எழுதப்படும் வேறு ஒரு பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் கடினமான பெயரைவிடத் தெரிந்த மாதிரி இருக்கும் பெயரிடம்தான் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். கடினமான பெயர் என்றால் நாமே நின்று கேட்போம். தெரிந்த பெயர் என்றால் கேட்காமல் கூப்பிட்டுவிடுவோம். உங்கள் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்வபன் என்று எழுதியிருக்கும் வங்காளப் பையனை வீட்டில் ஷொபொன் என்பார்கள். அசாமியப் பையன் சின்மய் என்றால் அவன் காதுக்குப் பழகியது ஸின்மொய். அவர்கள் மொழியில் ச-வரிசை எழுத்து ஸ ஆகிவிடும். ஒடியாவில் சொல்லின் கடைசி உயிரை விட்டுவிட மாட்டார்கள். இந்திக்காரர் பிரகாஷ் என்று நறுக்கிவிடும் பெயரை ஒடியா வீட்டில் ப்ரொகாஸொ என்று முழுக்கச் சொல்வார்கள்.

ஆனால் இதையெல்லாம் மனப்பாடம் செய்து நீங்களாகவே ஒரு உச்சரிப்பைத் தீர்மானித்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் இந்தி மாதிரி சொன்னால்தான் பிடிக்கும் என்கிற பிள்ளையும் உண்டு. பதினொரு பேரையும் ஒவ்வொருவராக, மதியச் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் இல்லாதபோது கேளுங்கள். ‘அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?’ என்று மட்டும் கேட்காதீர்கள். வங்காளிகளுக்கு டாக் நாம் என்று வீட்டுப் பெயர் ஒன்று, பாலோ நாம் என்று வெளிப்பெயர் ஒன்று. ஒடியா வீடுகளிலும் செல்லப்பெயர் உண்டு. அது வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். அதை வகுப்பில் போட்டு உடைத்தால் பிள்ளைக்கு இன்னும் வெட்கமாகிவிடும். ‘ஸ்கூல்ல டீச்சர் உன்னை எப்படிக் கூப்பிடணும்?’ என்று கேளுங்கள். அவன் சொன்னதும் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். அவன் தலையாட்டும் வரை சொல்லுங்கள்.

அப்புறம் பதிவேட்டில் ஒரு குறி. தமிழில் க, ப, த ஒவ்வொன்றையும், அழுத்திச் சொன்னாலும் மெலிதாகச் சொன்னாலும், ஒரே எழுத்தில்தான் எழுதுகிறோம். பாலா என்று எழுதினால் எந்தப் பா என்று தெரியாது. என் நோட்டில், அழுத்திச் சொல்ல வேண்டிய எழுத்தை அப்படியே விட்டுவிட்டு, ‘தங்கம்’ என்பதில் வரும் க போல, ‘கம்பம்’ என்பதில் வரும் ப போல மெலிதாகச் சொல்ல வேண்டிய எழுத்துக்கு அடிக்கோடு போடுவேன். ஒ ஆகும் அ-வின் தலையில் ஒரு சின்ன வட்டம். 29 வருஷத்தில் அப்படி ஏழு நோட்டுப் புத்தகம் சேர்ந்தது.

பிள்ளைகள் சிரிப்பதைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு பெயராகச் சரளமாக வாசித்துக்கொண்டு வருகிறோம். அந்தப் பெயர் வந்ததும் நின்று, மூச்சு எடுத்து, கண்ணைச் சுருக்குகிறோம். சிரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்கள் ஹாலிலும் அப்படித்தான். நான் திணறினால் நாலு பெஞ்ச் திரும்பிப் பார்க்கும். மற்றப் பெயர்களைச் சொல்லும் அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி (சென்னை, ரத்தப் பரிசோதனை நிலைய ஊழியர்): வங்கதேசத்திலிருந்து வருகிற நோயாளிகளில் நிறையப் பேருக்கு எம்.டி. என்றே இனிஷியல் இருக்கிறது. இது எந்த ஊர்ப் பழக்கம்?

அது இனிஷியல் இல்லை. முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எம், டி என்று சுருக்கி எழுதுகிறார்கள். பெண்கள் பெயருக்கு முன்னால் எம், எஸ், டி என்று இருந்தால் அது மொசம்மத். எஸ், கே என்று இருந்தால் ஷேக். மைக்கில் “எம்டி ரஃபீக்” என்று ஒருவரைக் கூப்பிட்டால், நபியின் பெயரைத் தாங்கிய மனிதரை இரண்டு எழுத்தாகக் குறைத்துவிட்டோம் என்று அர்த்தம். விரித்தே சொல்லுங்கள். கூடுதலாக ஒரு நொடிதான் ஆகும்.

கேள்வி (தூத்துக்குடி, இன்ஜினீயர்): இங்கே வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலை வந்த பிறகு வியட்நாம்காரர்களோடு பழகும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. நிறையப் பேருக்கு என், ஜி, யு, ஒய் என்று தொடங்கும் ஒரே பெயர். ‘நிகுயேன்’ என்கிறேன், அவர்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். எப்படித்தான் சொல்வது?

இந்தப் பெயருக்குத் தமிழர்களான நாம் உலகத்தில் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த வியட்நாம் டாக்டர் ஒருவர், தன் பெயரை எல்லோரும் சிதைக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னார். அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். முதல் ஒலி நம் ங! அவ்வையார் ஆத்திசூடியில் ‘ஙப் போல் வளை’ என்று எழுதிவைத்திருக்கிறாரே, அதே ங. தமிழில் அந்த வரியை விட்டால் சொல்லின் முதலில் ங-வை நாம் பார்ப்பதே அபூர்வம். வியட்நாமிலோ கோடிக்கணக்கானவர்களின் குடும்பப் பெயரே அதில்தான் தொடங்குகிறது. மேஜையிலிருந்த தாளில் ங என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

‘அங்ஙனம்’ என்று சொல்லி, ங வரும் இடத்தில் நாக்கின் பின்பக்கம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். அங்கிருந்தே தொடங்கி, ‘ங்வியென்’ என்று ஒரே மூச்சில், ஒரே அசையாகச் சொல்லுங்கள். ‘நி-கு-யேன்’ என்று மூன்றாக உடைக்க வேண்டாம். தெற்கு வியட்நாம்காரர்கள் கடைசியையும் ங் என்று முடிப்பார்கள். அது போக மேலே ஏறும் தொனி ஒன்று இருக்கிறது. வட வியட்நாமில் ஆறு தொனி. அது எழுத்தில் சொல்லித்தர முடியாது. அவரைச் சொல்லச் சொல்லி, பாட்டுக் கேட்பதுபோல் கேட்டுப் பிடிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு: என், எச் என்று வந்தால் அது நம் ஞ. ஆங்கிலத்தில் டாக்டர் என்று எழுதும்போது முதலில் வரும் டி எழுத்தின் குறுக்கே கோடு இருந்தால் ட/த மாதிரியான ஒலி. கோடு இல்லாவிட்டால் வடக்கே ‘ஜூ’ என்று ஆங்கிலத்தில் மிருகக்காட்சி சாலையைச் சொல்லும்போது வருகிற இசட் ஒலி, தெற்கே ய. மின்னஞ்சலில் அந்தக் கோடு விழுந்துவிடும் என்பதால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அதைவிட முக்கியம்: அங்கே குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் கடைசியில். கூப்பிடுவது சொந்தப் பெயரைச் சொல்லித்தான். தளபதி வோ ங்வியென் ஸாப்பை ‘ஜெனரல் ஸாப்’ என்றுதான் அவர் நாட்டில் சொன்னார்கள். செஸ் வீரர் ஆனந்தின் அப்பா பெயர் விஸ்வநாதன். அது தெரியாமல் மேல்நாட்டில் விஸ்வநாதனையே அவர் பெயராக எடுத்துக்கொண்டு ‘விஷி’ என்று சுருக்கிவிட்டார்கள். குடும்பப் பெயரைச் சொல்லி வியட்நாம்காரரைக் கூப்பிடும்போது நாமும் அதையேதான் செய்கிறோம். அதோடு, சும்மா பெயர் மட்டும் சொல்வது அங்கே மரியாதை இல்லை. வயதில் கொஞ்சம் மூத்தவரென்றால் பெயருக்கு முன்னால் ‘அஞ்’, பெண்ணென்றால் ‘ச்சி’ என்று சேர்ப்பார்கள். அண்ணன், அக்கா என்று அர்த்தம். இதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடியில் பெயருக்குப் பின்னால் போடுகிறீர்கள், அவர்கள் முன்னால் போடுகிறார்கள்.

கேள்வி (ஒரகடம், மனிதவளப் பிரிவு ஊழியர்): கொரிய மேலதிகாரிகளின் பெயர்களை அட்டையில் எழுதியிருப்பதுபோலவே சொல்கிறோம். சரிதானே?

இல்லை. என் மருமகள் இருங்காட்டுக்கோட்டையில் கொரிய மொழிபெயர்ப்பாளர்; அவளிடம் கேட்டுச் சொல்கிறேன். அட்டையில் ‘பார்க்’ என்று இருக்கும், ஆனால் அந்தப் பெயரில் ர் கிடையாது. பாக், கடைசி க்-ஐ வெடிக்காமல் தொண்டையிலேயே நிறுத்திவிட வேண்டும். ‘லீ’ என்று எழுதியிருப்பது வெறும் ஈ. ‘சோய்’ என்று எழுதியிருப்பதை ச்வே என்கிறார்கள். கொரிய மொழியில் க-வும் ப-வும் சொல்லின் முதலில் வல்லினமாக, நடுவில் மெலிந்து ஒலிக்கும். நம் பழக்கமும் அதுதான் என்பதால் தமிழர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவள் அனுபவம். பதவியில் பெரியவரைக் குடும்பப் பெயரோடு பதவிப் பெயரும் ‘நிம்’ என்பதும் சேர்த்துச் சொல்வார்கள்: துறைத்தலைவர் கிம் என்றால் கிம் புஜாங்நிம். ‘ஸ்ஸி’ என்பது மரியாதைச் சொல்தான் என்றாலும் மேலதிகாரியிடம் போடக்கூடாது.

கேள்வி (மதுரை, நர்ஸ்): எங்கள் வார்டில் மிசோரம் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். நீளமான பெயர். எல்லோரும் ‘லல்லி’ என்று கூப்பிடுகிறோம். அவளும் சிரித்துக்கொண்டே வருகிறாள். இதில் தப்பு இல்லையே?

தப்பு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வந்த புதிதில், தெரியாத ஊரில், மேலே இருப்பவர்கள் வைத்த பெயருக்கு யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். ‘இந்தப் பெயர் எனக்குச் சம்மதம்’ என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எடுத்துக்கொள்ள முடியாது.

லால் என்பதற்கு மிசோ மொழியில் தலைவர், ஆண்டவர் என்று பொருள். மிசோரமில் எத்தனையோ பெயர்கள் அதில்தான் தொடங்கும். அந்த முன்பகுதியை மட்டும் எடுத்துச் சுருக்கினால் அது அவளைக் குறிக்கவே இல்லை. பெயரின் கடைசி எழுத்திலும் விஷயம் இருக்கிறது: பெண் பெயர் இ-யில் முடியும், ஆண் பெயர் ஆ-வில் முடியும். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த மகளிர் ஹாக்கி அணியில் ஆடியவர் லால்ரெம்சியாமி. 2023இல் மிசோரம் முதலமைச்சரானவர் லால்துஹோமா. கடைசியைச் சரியாகச் சொல்லாவிட்டால் பெண்ணை ஆணாக்கிவிடுவீர்கள்.

சுருக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. லால்ரெம்சியாமியையே சியாமி என்பார்கள். ஆனால் எங்கே வெட்டுவது என்பதைப் பெயருக்கு உரியவள்தான் சொல்ல வேண்டும். டூட்டி முடிந்து டீ குடிக்கும்போது கேளுங்கள்: ‘உன் ஊர்ல ஃபிரெண்ட்ஸ் உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?’ லல்லிதான் பிடிக்கும் என்றால் சரி, அப்படியே இருக்கட்டும்.

கேள்வி (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்): ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியம் வழி காட்டுகிறது. கம்பர் லக்ஷ்மணனை இலக்குவன் என்றார், விபீஷணனை வீடணன் என்றார். பிறமொழிப் பெயரைத் தமிழ்ப்படுத்துவதே மரபு. பிறர் உச்சரிப்புக்கு நம் நாக்கை ஏன் வளைக்க வேண்டும்?

ஐயா, இலக்குவன் என்ற பெயரை நானும் விரும்பித்தான் சொல்கிறேன். எழுத்து மரபு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தப் பகுதியில் ஷொபொன் என்று எழுதியிருப்பதைச் சொப்பன் என்று நீங்கள் எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை. எழுத்து எப்படியும் பக்கத்தில் போய் நிற்பதுதான்.

ஆனால் காவியத்தில் ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வழங்குவதும், எதிரே சீட்டோடு நிற்கும் ஒருவரைக் கூப்பிடுவதும் வேறு வேறு காரியம் என்று நினைக்கிறேன். எதிரே நிற்பவர் திரும்பினால்தான் அது பெயர். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், ஊரில் தண்ணீர்ப் பஞ்சத்துக்காகக் கிணறுகள் வெட்டி, 1818இல் கல்வெட்டு வைத்தார். அதில் தன்னை எல்லீசன் என்று தமிழ் முறைப்படி எழுதிக்கொண்டார். அது அவராக விரும்பி ஏற்ற வடிவம். அதனால் இன்றும் எல்லீசன் என்று சொல்லும்போது அவருக்கு மரியாதைதான் செய்கிறோம். வேலூருக்கு வந்த பாட்டி லக்ஷ்மி என்ற வடிவத்தை ஏற்கவில்லை. அப்படி ஒரு பெயர் தன்னைக் கூப்பிடுகிறது என்றே அவருக்குத் தெரியாது.

தாங்கள் தமிழாசிரியர். ழ-வைச் சொல்ல மாணவர்களை எத்தனை வருஷம் பழக்கியிருப்பீர்கள். அந்தப் பொறுமையைத்தான் இதிலும் கேட்கிறேன்.

கேள்வி (ரொறன்ரோ, ஒரு தகப்பன்): யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். இங்கே பிறந்த மகனுக்கு ஆசையாக எழிலன் என்று பெயர் வைத்தோம். ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதினோம். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ‘எஸிலன்’ என்கிறா. மகனுக்கு எட்டு வயது. தன்னை ‘எஸ்’ என்று கூப்பிட்டால் போதும் என்கிறான். மனம் நோகிறது. என்ன செய்யலாம்?

உங்கள் நோவு எனக்குப் புரிகிறது. என் பெயரிலும் ஒரு ழ உண்டு. இசட், எச் என்று எழுதுவது தமிழ்நாட்டுப் பழக்கம். தமிழ் தெரியாதவர் அதைப் பார்த்து இசட் ஒலியைச் சொல்வது அவர் குற்றம் இல்லை. கனடாவில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘ரெட்’, ‘ரன்’ என்று கனேடியர்கள் சொல்லும்போது கவனியுங்கள். நாக்கு மேலே எங்கும் தொடாது, துடிக்காது, உள்ளே வளைந்து நிற்கும். அவர்களுடைய அந்த ர்-தான் ழ-வுக்கு மிகக் கிட்டே இருக்கும் ஒலி. ரீச்சரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “எழுத்தைப் பார்க்க வேண்டாம். எ-ரி-லன் என்று, உங்கள் சொந்த ர்-ஐ வைத்துச் சொல்லுங்கள்.” எஸிலனைவிட எவ்வளவோ மேல். பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் வாரத்திலேயே நீங்கள் போய்ச் சொல்லிவிட வேண்டும்; பையனிடம் அந்த வேலையை விடாதீர்கள். எட்டு வயசுப் பிள்ளையால் ரீச்சரைத் திருத்த முடியாது.

கமலா ஹாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாத்தாவின் ஊர் மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரம். 2019இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் முதலிலேயே தன் பெயரைச் சொல்லும் விதத்தை எழுதிவிட்டார்: ஆங்கிலத்தில் கமா என்ற நிறுத்தற்குறியைச் சொல்வதுபோல் தொடங்கி, லா. அமெரிக்க வாயில் அது கிட்டத்தட்ட ‘காமலா’. 2020 அக்டோபரில் ஜார்ஜியாவில் ஒரு செனட்டர் மேடையிலேயே அந்தப் பெயரை வேண்டுமென்றே இழுத்து, திரித்துக் கேலி செய்தார். உடனே ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் பெயரையும் அதன் பொருளையும் எழுதத் தொடங்கினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. நாம் அந்தப் பெயரை ‘கமலா’ என்று குறிலாகத்தான் சொல்வோம். அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அவரைச் சந்தித்தால் நான் அவர் சொல்லும் மாதிரிதான் சொல்வேன். பெயர் தமிழ் மண்ணிலிருந்து போனது என்பதற்காக அவர் பெயரைத் திருத்தும் உரிமை எனக்கு வந்துவிடாது.

அதனால் மகன் விஷயத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். எழில் என்றால் அழகு என்று அவனுக்குச் சொல்லியிருப்பீர்கள். வீட்டில் முழுப் பெயரையே சொல்லுங்கள், கோபத்தில் கூப்பிடும்போது மட்டும் அல்ல, சோறு சாப்பிடக் கூப்பிடும்போதும். ரீச்சர் ஒரு மாதம் சரியாகச் சொல்லட்டும். அதற்கப்புறமும் எஸ்-தான் வேண்டும் என்றால், அது அவனாகக் கேட்ட பெயர்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவி): எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் நான்தான் தொகுப்பாளர். மணிப்பூர், சீனா, நைஜீரியாவிலிருந்து விருந்தினர்கள். நடுங்குகிறது.

முந்தின நாளே ஒவ்வொருவருக்கும் போன் செய்து, பெயரைச் சொல்லச் சொல்லிக் குரல்பதிவு வாங்கிவிடுங்கள். யாரும் இதற்குக் கோபித்ததில்லை. 2014இல் சீன அதிபர் ஷி ஜின்பிங் இந்தியா வந்தபோது, ஒரு செய்தி வாசிப்பாளர் அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தான எக்ஸ், ஐ-யை ரோமன் எண் என்று நினைத்துப் ‘பதினொன்று’ என்று ஆங்கிலத்தில் வாசித்துவிட்டார். அதற்காக வேலையையே இழந்தார். அந்தத் தாளின் ஓரத்தில் உச்சரிப்பை யாராவது எழுதிவைத்திருந்தால் அது நடந்திருக்காது. அதனால் உங்கள் தாளில் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

நீளமான பெயரைப் பின்னாலிருந்து பழகுங்கள். குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோமின் முழுப் பெயர் மாங்தே சுங்நெய்ஜாங் மேரி கோம். முதலில் ‘ஜாங்’. அப்புறம் ‘நெய்ஜாங்’. அப்புறம் ‘சுங்நெய்ஜாங்’. முன்னாலிருந்து போனால் நடுவில் மூச்சு முட்டும். பின்னாலிருந்து வந்தால் ஏற்கெனவே பழகிய இடத்தை நோக்கிப் போவதால் நாக்கு தடுமாறாது. பத்துத் தடவை, வாய்விட்டு.

கேள்வி (நாகர்கோவில், வங்கி ஊழியர்): ஒருவர் பெயரை இரண்டு தடவை கேட்டும் பிடிபடவில்லை. மூன்றாவது தடவை கேட்பது அவமரியாதை ஆகாதா?

ஆகாது. “மன்னிக்கணும், உங்க பேரைச் சரியாச் சொல்லணும்னு ஆசைப்படறேன், இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க” என்று கேளுங்கள். ‘கஷ்டமான பேரா இருக்கே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் காதில் விழுந்த நாள் முதல் அது அவருக்குச் சுலபமான பெயர். தவறாகச் சொல்லித் திருத்தப்பட்டால் ஒரு ‘நன்றி’, உடனே சரியான பெயர், அதோடு வேலையைப் பாருங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்டால் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும்.

பூட்டானிலிருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு அம்மாவின் பெயர் த்ஸெரிங். த-வும் ஸ-வும் ஒட்டி ஒரே ஒலியாக வரும் அந்தத் தொடக்கம் எனக்கு வரவே இல்லை. சேரிங் என்றேன், ஷெரிங் என்றேன், தெரிங் என்றேன். ஆறு தடவை கேட்டேன். ஆறு தடவையும் அவர் அலுக்காமல் சொன்னார், கடைசியில் வாயைக் குவித்துப் பல்லைக் காட்டியும் சொன்னார். அடுத்த வருஷம் மறுபரிசோதனைக்கு வந்தவர் நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார். சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“த்ஸெரிங்” என்றேன்.

சீட்டை நீட்டினார்.